ஆய்வகத்தில் ஆட்குறைப்பு வந்தபோது: பார்த்தவர்கள் எழுதலாம்

வேக்குவம்காரர்:

அமெரிக்க தேசிய ஆய்வகங்களில் வேலை பார்க்கும் நம்மவர்கள் இங்கே கணிசமாக இருக்கிறீர்கள். சமீபமாக அந்தப் பக்கத்திலிருந்து வரும் செய்திகள் எதுவும் சரியில்லை. ஆட்குறைப்பு நடந்த சமயத்தில் உள்ளே இருந்தவர்களின் மனநிலை எப்படி இருந்தது, எது உடைத்தது, எது தாங்கிப் பிடித்தது என்று அனுபவப்பட்டவர்கள் எழுதினால் இப்போது தவித்துக்கொண்டிருப்பவர்களுக்கு உதவும். நானே ஆரம்பிக்கிறேன். நான் இருந்த ஆய்வகத்தின் பெயரைச் சொல்லவில்லை.

நான் பார்த்தது 2008. அந்த நிதியாண்டுக்கான பட்ஜெட் 2007 டிசம்பர் கடைசி வாரத்தில்தான் கையெழுத்தானது. நிதியாண்டோ அக்டோபரிலேயே தொடங்கிவிட்டது. ஆகவே முழு வருடத்துக்கான வெட்டையும் மிச்சமிருந்த ஒன்பது மாதத்தில் தாங்க வேண்டும். ஆய்வகத்தில் பெரிய செலவு சம்பளமும் மின்சாரமும். துகள்களை வேகப்படுத்தும் பெரிய இயந்திரத்தை நிறுத்தினால் மின்சாரம் மிச்சமாகும், சரி. அப்புறம் ஆய்வகம் எதற்கு? அதனால் கை நேராகச் சம்பளப் பட்டியலுக்குத்தான் போகும்.

அந்த வருடம் சிகாகோ பக்கத்து துகள் இயற்பியல் ஆய்வகமான ஃபெர்மிலாப்பில் நடந்தது செய்திகளில் வந்தது. சுமார் 37 கோடி டாலர் வரும் என்று இருந்தவர்களுக்கு 32 கோடிதான் கிடைத்தது. சுமார் 200 பேரை அனுப்ப வேண்டியிருக்கும் என்றார்கள். அதுவரைக்கும் எல்லோரும் இரண்டு மாதத்துக்கு ஒரு வாரம் சம்பளமில்லாமல் வீட்டில் இருக்க வேண்டும் என்று உத்தரவு. ஐரோப்பாவில் எல்எச்சி என்ற புதிய, பெரிய துகள் மோதுவி இயங்கத் தொடங்கும் முன் தங்கள் டெவட்ரான் மோதுவியில் எவ்வளவு தரவு சேர்க்க முடியுமோ சேர்த்துவிட வேண்டும் என்று ராப்பகலாக உழைத்துக்கொண்டிருந்த ஆட்கள் அவர்கள். மே மாதம் பெயர் சொல்ல விரும்பாத ஒரு குடும்பம் 50 லட்சம் டாலர் நன்கொடை கொடுத்தது. கட்டாய விடுப்பு நின்றது. ஜூன் கடைசியில் அரசின் கூடுதல் நிதியும் வந்து, கட்டாய ஆட்குறைப்பும் கைவிடப்பட்டது.

பட்ஜெட்டோடு ஒப்பிட்டால் 50 லட்சம் சின்னத் தொகை. ஆனால் அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் காபி அறையில் இருந்தவர்களின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். எங்களுக்கு அதில் ஒரு காசு கிடையாது, நாங்கள் வேறு மாநிலம். இருந்தாலும் முகம் தெரியாத யாரோ நம் வேலைக்கு மதிப்பு இருக்கிறது என்று நினைக்கிறார்கள் என்பதே ஒரு தெம்பைக் கொடுத்தது. அது வரைக்கும் வீண்செலவு என்ற பேச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

எங்கள் இடத்தில் பணம் வரவில்லை, ஆட்கள் போனார்கள். ஜனவரியில் இத்தனை சதவீதம் என்று அறிவித்துவிட்டு, பெயர்களை வசந்தம் வரை சொல்லவில்லை. அந்த இடைவெளிதான் ஆளைத் தின்றது. யாரும் புதிதாக எதையும் தொடங்கவில்லை. வாங்க வேண்டிய உதிரிப்பாகத்துக்கு ஆர்டர் போட ஆளில்லை. போட்டால் அது வந்து சேரும்போது நாம் இருப்போமா என்ற கேள்வி. யார் எந்த வருடம் சேர்ந்தார், யாருடைய திட்டத்துக்கு வேறு வழியில் நிதி இருக்கிறது என்று மதியச் சாப்பாட்டில் கணக்குப் போடுவார்கள். இருபது வருடம் ஒன்றாக வேலை செய்தவர்கள் ஒருவரையொருவர் அப்படி எடைபோட்டதை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

எங்கள் பிரிவில் ஒரு டெக்னீஷியன் இருந்தார். உள்ளே காற்றே இருக்கக் கூடாத வேக்குவம் குழாயில் கசிவு இருந்தால், மூட்டுகளின் மேல் ஹீலியத்தைப் பீய்ச்சி, உள்ளே போகிறதா என்று கருவியில் பார்ப்போம். எத்தனையோ நூறு மூட்டுகள். அவர் மட்டும் நேராக நாலைந்து இடத்துக்குப் போவார், அதில் ஒன்றில் கசிவு இருக்கும். பட்டியலில் அவர் பெயர் இருந்தது. கடைசி வாரம் யாரும் கேட்காமலே இயந்திரம் இருக்கும் சுரங்கத்துக்குள் ஒரு ரோல் மாஸ்கிங் டேப்போடும் மார்க்கரோடும் இறங்கினார். ஒவ்வொரு சந்தேகமான மூட்டின் பக்கத்திலும் டேப் ஒட்டி எழுதினார்: ‘இந்த போல்ட்டைக் கடைசியாக இறுக்கு’, ‘கேஸ்கெட் இரண்டு தடவை மாற்றியாச்சு, ஃபிளாஞ்சில்தான் கீறல்’. அப்புறம் உடம்பில் பட்ட கதிர்வீச்சை அளக்கும் டோசிமீட்டரைத் திருப்பிக் கொடுத்து, கதிர்வீச்சுக் கணக்கில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அந்த டேப்கள் எங்களுக்குப் பல வருடம் பயன்பட்டன. அவர் இருந்திருந்தால் இன்னும் பயன்பட்டிருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும்.

எங்களைத் தாங்கியது குழுத்தலைவர் செய்த ஒரே ஒரு காரியம். வெள்ளிக்கிழமைதோறும் கால் மணி நேரம் எல்லோரையும் நிற்கவைத்துப் பேசுவார். தெரிந்ததைச் சொல்வார். தெரியாததைத் தெரியாது என்பார். தெரிந்தும் சொல்லக் கூடாததாக இருந்தால், அதையும் அப்படியே சொல்வார். பக்கத்துப் பிரிவில் ‘திறமைசாலிகள் பயப்பட வேண்டாம்’ என்று ஒரு மேலாளர் சொன்னதாகக் கேள்விப்பட்டோம். அங்கே முதலில் வேறு வேலை தேடிக்கொண்டு போனவர்கள் அந்தத் திறமைசாலிகள்தான். மீதிப் பேர் போனவர்களையும் இருப்பவர்களையும் சந்தேகத்தோடு பார்த்தார்கள்.

சுகன்யாவின் அம்மா:

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நானும் எழுதுகிறேன். என் கணவர் ஒரு தேசிய ஆய்வகத்தில் போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிறகான தற்காலிக ஆராய்ச்சி வேலை) முடித்து, அங்கேயே விஞ்ஞானியாகச் சேர்ந்தவர். சில வருடங்களுக்கு முன் அவர் திட்டத்துக்கு நிதி நின்றது.

விசாவில் இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட ஆராய்ச்சி நிலையங்கள் பலவற்றில் எச்-1பி என்ற வேலை விசா குலுக்கல் இல்லாமலே கிடைக்கும். வருடத்துக்கு 85,000 என்ற உச்சவரம்பு அவற்றுக்குக் கிடையாது. சேரும்போது அது பெரிய வசதி. வேலை போகும்போதுதான் மறுபக்கம் தெரியும். தனியார் நிறுவனம் ஒன்று உடனே எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. ஆனால் முன்பு அந்த வரம்பில் எண்ணப்படாதவர் என்பதால் அடுத்த மார்ச் மாதக் குலுக்கலில் பெயர் விழுந்து, அக்டோபரில்தான் சேர முடியும். வேலை நின்ற பிறகு நாட்டில் இருக்கக் கொடுக்கும் அவகாசமோ அதிகபட்சம் 60 நாள். கடைசியில் ஒரு பல்கலைக்கழகத்தில், குறைந்த சம்பளத்தில், மறுபடியும் போஸ்ட்டாக் மாதிரியான வேலைக்குப் போனார்.

ஈரோட்டில் மாமியாரிடம் சொல்லவில்லை. வீடியோவில் பேசும்போது, ‘ஏம்ப்பா, பகல்ல வீட்டுல இருக்கறே, உடம்பு சரியில்லையா?’ என்று கேட்பார்கள். ‘லீவும்மா’ என்பார் இவர். போனை வைத்த பிறகு ரொம்ப நேரம் எதுவும் பேச மாட்டார்.

இதில் எனக்குக் கோபம் வந்தது ஒரே விஷயத்தில். நிதி நிற்கப்போவது நாலு மாதம் முன்பே மேலே தெரிந்திருக்கிறது. ‘கவலைப்பட வைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை’ என்றார்கள். அந்த நாலு மாதம் கையில் இருந்திருந்தால் அதற்கு முன் வந்த மார்ச் குலுக்கலிலேயே பெயர் கொடுத்திருப்போம். விசாக்காரர்களுக்கு முன்கூட்டிச் சொல்லாமல் இருப்பது இரக்கமே இல்லை.

பட்டியல் போட்டவர்:

நான் மறுபக்கம் உட்கார்ந்தவன். எங்கே என்று சொல்ல முடியாது. என் பிரிவில் யார் பெயர் என்று எழுதித் தர வேண்டிய பொறுப்பு என்னுடையது.

இந்த வேலை தலையில் விழுகிறவர்கள் கலிபோர்னியாவின் லிவர்மோர் தேசிய ஆய்வக விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 2007 அக்டோபரில் அந்த ஆய்வகத்தின் நிர்வாகம் கலிபோர்னியா பல்கலைக்கழகத்திடமிருந்து ஒரு கூட்டு நிறுவனத்துக்குக் கைமாறியது. அடுத்த மே மாதம் சுமார் 440 நிரந்தர ஊழியர்களை அனுப்பினார்கள். 1973-க்குப் பிறகு அங்கே அப்படி நடந்ததில்லை. வயதில் மூத்தவர்களாகப் பார்த்து அனுப்பினார்கள் என்று சுமார் 130 பேர் வழக்குப் போட்டு, 2015-ல் 3.7 கோடி டாலருக்கு மேல் கொடுத்து அது சமரசமானது. வழக்கை விடுங்கள், நடுவில் போன வருடங்களை நினைத்துப் பாருங்கள்.

ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து, முகத்தைப் பார்த்து நானே சொன்னேன். மின்னஞ்சலில் அனுப்பிவிடலாம் என்ற யோசனை வந்தது, மறுத்துவிட்டேன். நாசாவின் விண்வெளி ஆய்வகமான ஜேபிஎல்லில் 2024 பிப்ரவரி 7 அன்று எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லி, சுமார் 530 பேருக்கு அப்படித்தான் செய்தி போனது. செவ்வாயிலிருந்து மண் கொண்டுவரும் திட்டத்தின் நிதி நிச்சயமில்லாமல் போனதுதான் காரணம். வீட்டில் குடும்பத்தோடு இருக்கும்போது கேட்பது நல்லது என்று சொல்பவர்களும் உண்டு, அதை நான் குறைசொல்லவில்லை. ஆனால் ஒருவர் என்னிடம், ‘என் வேலையில் குறை இருந்ததா?’ என்று கேட்டார். இல்லை என்று அவர் கண்ணைப் பார்த்துச் சொல்ல முடிந்தது. மின்னஞ்சலிடம் அவர் எப்படிக் கேட்பார்?

மறுநாள் மிச்சமிருந்தவர்களிடம் பேசியதுதான் அதைவிடக் கஷ்டம். ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. பரிந்துரைக் கடிதங்கள் எழுதுவதிலேயே அந்த மாதம் போனது.

வேக்குவம்காரர்:

ஜேபிஎல் பேச்சு வந்ததால் ஒன்றைச் சேர்க்கிறேன். 2023 நவம்பரில், அவர்கள் இயக்கும் பழைய விண்கலமான வாயேஜர் 1 புரியாத தரவு அனுப்ப ஆரம்பித்தது. ஒரு நினைவகச் சில்லு பழுது. சமிக்ஞை போய்ச்சேரவே இருபத்திரண்டரை மணி நேரம், பதிலுக்கு இன்னொரு அவ்வளவு. 1970-களின் கணினி. பழைய ஆவணங்களைத் தோண்டிப் படித்து, கெட்டுப்போன இடத்திலிருந்த நிரலைத் துண்டுதுண்டாக வேறு இடங்களுக்கு மாற்றினார்கள். 2024 ஏப்ரல் 18-ல் கட்டளை போனது, 20-ஆம் தேதி சரியான பதில் வந்தது. பிப்ரவரி ஆட்குறைப்பு நடந்தது இதற்கு நடுவில். அந்தக் கூட்ட அறைப் புகைப்படத்தில் அவர்கள் கையை உயர்த்திக் கத்துவதைப் பார்த்தபோது என் கண் நிறைந்துவிட்டது. ஆய்வகக்காரர்கள் அப்படித்தான். கையில் ஒரு நிஜமான வேலை இருந்தால் போதும், நிமிர்ந்துவிடுவார்கள்.

சுகன்யாவின் அம்மா எழுதிய விசா விஷயத்தை எல்லோரும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். இப்போது பட்டியலில் பெயர் வந்திருப்பவர்களில் வேக்குவம், க்ரையோஜெனிக்ஸ் (கடுங்குளிர்க் கருவிகள்), பவர் சப்ளை ஆட்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள். அரிசோனா பக்கத்து சில்லு ஆலைகளுக்கு இந்தக் கைகள்தான் தேவைப்படுகின்றன. உங்கள் ரெஸ்யூமில் ஆய்வகத்து மொழியை அவர்களுக்குப் புரிகிற மாதிரி மாற்றி எழுத நான் கூட இருந்து உதவுகிறேன்.