கிணற்றுச் சுவருக்கு ஒரு குறள் வெண்பா
(மேற்கு மாம்பலம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழு)

சி4 அக்கா: கிணற்றுச் சுவரில் எழுத என் மகள் ஒரு குறள் வெண்பா கட்டியிருக்கிறாள். நாளைக்கு பெயின்டர் வருகிறார். பி2 ஐயா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

மாடி மழைநீர் மண்ணில் இறங்கினால்
கோடையில் வற்றாது கிணறு

ஏ1 மாமா: அருமை! 2003லேயே மழைநீர் சேகரிப்பு கட்டாயமாகிவிட்டது. இதைப் படித்தாவது மாடிக் குழாயில் அடைத்திருக்கும் குப்பையை எடுக்கட்டும்.

பி2 ஐயா: கருத்து நன்று. மாடி, கோடை என்று இரண்டாம் எழுத்து இனமாக ஒத்து எதுகை நிற்கிறது, முதலெழுத்து இரண்டும் நெடில். மாடி, மழைநீர், மண்ணில் மூன்றும் முதலெழுத்து ஒத்த மோனை; அடியின் முதல் மூன்று சீரில், அதாவது முதல் மூன்று கூறில், வருவதால் கூழை மோனை. ஆனால் தளை, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் கட்டு, இரண்டு இடத்தில் தட்டுகிறது.

சி4 அக்கா: மகள் கேட்கிறாள்: "எங்கே தாத்தா? நாலு சீர், மூணு சீர் சரியா இருக்கே?"

பி2 ஐயா: எண்ணிக்கை சரி கண்ணு. சீரும் சீரும் சேரும் இடத்தைப் பார். சீரை அசையாகப் பிரி: மெய்யெழுத்தை விட்டுவிட்டால், ஓரெழுத்து அசை நேர், குறிலோடு இன்னோர் எழுத்து சேர்ந்த அசை நிரை. மழை/நீர், நிரை நேர், இதன் வாய்பாடு, அதாவது மாதிரிச் சொல், புளிமா. இப்படி மாவில் முடியும் மாச்சீருக்குப் பின் நிரை வந்தால்தான் வெண்பாவுக்குரிய வெண்டளை. நீ வைத்த மண்/ணில் நேரில் தொடங்குகிறது. அது ஆசிரியப்பாவுக்குரிய ஆசிரியத்தளை, அகவல் ஓசை வந்துவிடும். அப்புறம் வற்/றா/து, மூன்றும் நேர், தேமாங்காய் என்ற காய்ச்சீர். காய்க்குப் பின் நேர் வர வேண்டும். கிண/று நிரையில் தொடங்குவதால் கலிப்பாவுக்குரிய கலித்தளை, துள்ளல் ஓசை. வெண்பாவில் வேற்றுத்தளை கலக்கவே கூடாது. வாய்விட்டுப் படி, அந்த இரண்டு இடத்திலும் நாக்கே சொல்லும்.

சி4 அக்கா: "நிலத்தில்" என்று போடலாமா என்கிறாள்.

பி2 ஐயா: தளை சரியாகும், ஆனால் மோனை ஒன்று போய்விடும். மகரத்தில் தொடங்கும் நிரையாகத் தேடச் சொல்லுங்கள்.

ஏ1 மாமா: மனையில்?

பி2 ஐயா: மனை/யில், புளிமா! தளையும் நின்றது, மோனையும் நின்றது. நம் மனையில் விழும் மழை நம் மனையிலேயே இறங்க வேண்டும் என்ற பொருளும் கூடுகிறது.

சி4 அக்கா: "வற்றாது" இடத்தில் "ஊறும்" என்கிறாள். ஊ/றும் நேர் நேர், தேமா என்ற மாச்சீர், பின்னால் கிண நிரையாம்.

பி2 ஐயா: அதேதான்! வற்றாது என்பதைவிட ஊறும் என்பதில் உயிர் இருக்கிறது. வெண்பாவின் ஈற்றுச் சீர், அதாவது கடைசிச் சீர், நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டில் ஒன்றாக வேண்டும். கிணறு, பிறப்பு வாய்பாடு. அது முதலிலேயே சரியாக விழுந்திருந்தது.

மாடி மழைநீர் மனையில் இறங்கினால்
கோடையில் ஊறும் கிணறு

சி4 அக்கா: சுவர் குறுகலாக இருக்கிறதாம், மூன்று வரியாக மடக்கட்டுமா என்று பெயின்டர் கேட்கிறார்.

பி2 ஐயா: வேண்டாம் அம்மா, எழுத்தைச் சிறிதாக்கச் சொல்லுங்கள். மாடியும் கோடையும் மேலும் கீழுமாக நின்றால்தான் எதுகை கண்ணுக்குத் தெரியும்.