குடிநீரில் யுரேனியம்: மறக்க முடியாத ஓர் அனுபவம் உங்களுக்கும் உண்டா?

நிலத்தடி:
எங்கள் கிணற்று நீரின் ஆய்வறிக்கையின் கடைசி வரியில் யுரேனியம் லிட்டருக்கு 68 மைக்ரோகிராம் என்றிருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 30 என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். வடிகட்டி பொருத்த வந்தவரிடம் அறிக்கையை நீட்டினேன். அவர் அதைப் படிக்கவே இல்லை. சட்டைப்பையிலிருந்து டிடிஎஸ் மீட்டரை எடுத்துக் குவளைக்குள் அமிழ்த்தி, 410 என்று ஒளிர்ந்த திரையை என் பக்கம் திருப்பி, "முதல்தரமான தண்ணீர் சார்" என்று சொல்லிவிட்டு, அதே நீரை மடமடவென்று குடித்தும் காட்டினார். கரைந்த உப்பை மில்லிகிராம் கணக்கில் சொல்லும் கருவிக்கு 0.068 மில்லிகிராம் எப்படித் தெரியும்? கதிர்வீச்சுள்ள நீரை ஒருவர் என் கண்முன்னே குடித்தார் என்பது இன்றுவரை உறுத்துகிறது.

வெண்படிவு:
எங்கள் வீட்டில் அறிக்கை வந்த நாள்முதல் மாமியார் தண்ணீரை நெடுநேரம் கொதிக்கவைத்தார். பாத்திரத்தின் அடியில் ஒட்டிய வெள்ளைப் படிவைக் கரண்டியால் சுரண்டி, "பார்த்தாயா, விஷமெல்லாம் இறங்கிவிட்டது" என்று காட்டியபோது, அவர் முகத்திலிருந்த நிம்மதியைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. அது வெறும் சுண்ணாம்புப் படிவு. யுரேனியம் ஆவியாகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

பழைய வேதியியலார்:
நிலத்தடி அவர்களே, நீங்கள் கதிர்வீச்சை முன்னிறுத்துவதை நான் ஏற்கவில்லை. இயற்கை யுரேனியத்தில் 99 விழுக்காட்டுக்கும் மேல் இருப்பது யுரேனியம்-238. அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகள் என்பதால் கதிரியக்கம் மிகக் குறைவு. சிறுநீரகத்தைத் தாக்கும் வேதி நச்சுத்தன்மையை வைத்தே 30 என்னும் அளவு வகுக்கப்பட்டது. ஒரு குவளையால் அவருக்கு ஒன்றும் நேர்ந்திராது; ஆண்டுக்கணக்கில் குடிப்பதே சிக்கல்.

என் அனுபவம் சிறியது: விற்றவர் உறுதி கூறிய மென்நீராக்கியைப் பொருத்தியபின் கடினத்தன்மை போயிற்று, யுரேனியம் அப்படியே நின்றது. பைகார்பனேட் மிகுந்த நீரில் யுரேனியம் கார்பனேட்டுடன் கூடி எதிர்மின் அயனியாக இருக்கிறது. மென்நீராக்கிக்குள் இருக்கும் பிசினோ (ரெசின் மணிகள்) நேர்மின் அயனிகளைப் பிடிப்பது. ஆகவே எதிர்மின் அயனிப் பரிமாற்றப் பிசினோ ஆர்ஓவோதான் வேண்டும். பொருத்திய பிறகு, வடிகட்டி வரும் நீரையும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். மாதிரிப் புட்டியில் நைட்ரிக் அமிலம் சேர்க்கிறார்களா என்றும் கேளுங்கள், இல்லையேல் யுரேனியம் புட்டியின் சுவரில் ஒட்டிக்கொண்டு அளவு குறைத்துக் காட்டக்கூடும். குளிக்கவும் துவைக்கவும் கிணற்று நீரே போதும். தோல்வழியே உடலில் சேர்வது மிக அற்பம். வெண்படிவு அவர்கள் மாமியாரிடம் கொதிக்கவைப்பதை நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை, வடிகட்டியபின் கொதிக்கவைக்கச் சொன்னால் போதும்.