பெரியப்பா கைபேசியின் 108

சுமதி அத்தை: அடுத்த மாதம் பேத்தியின் பள்ளி ஆண்டு விழா. மேடையில் ஆடுகிறாள். போன வருடம் கைபேசியில் எடுத்த படத்தில் பாவாடை மட்டும்தான் தெரிகிறது, முகம் கலங்கிப்போயிருக்கிறது. அதனால் ஒரு கேமரா வாங்கலாம் என்றிருக்கிறேன். இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 64 மெகாபிக்சல், இன்னொன்று 24. ஆனால் 24-தான் விலை அதிகம்! ஏன் என்று யாராவது சொல்லுங்கள்.

பெரியப்பா: ஏமாற்றுகிறார்கள். என் கைபேசியிலேயே 108 இருக்கிறது.

மலர்: அந்த 108-ஐ வைத்து நீங்கள் மாதாமாதம் மின் மீட்டரைத்தானே படம் எடுக்கிறீர்கள், பெரியப்பா.

பெரியப்பா: எண் தெளிவாகத் தெரிகிறதா இல்லையா?

முரளி மாமா: அத்தான், அந்த மீட்டர் படத்தைத் திறந்து ‘விவரம்’ என்று இருப்பதை அழுத்துங்கள். இரண்டு எண்கள் தெரியும். அதை இங்கே எழுதுங்கள்.

பெரியப்பா: 4000 × 3000.

முரளி மாமா: பெருக்கிப் பாருங்கள்.

பெரியப்பா: ஒரு கோடியே இருபது லட்சம்.

முரளி மாமா: பத்து லட்சம் புள்ளி ஒரு மெகாபிக்சல். ஆக, உங்கள் படம் 12 மெகாபிக்சல்.

பெரியப்பா: மீதி 96 எங்கே போயிற்று?

கவின்: எங்கும் போகவில்லை, பெரியப்பா. ஒன்பது புள்ளிகளைச் சேர்த்து ஒரே புள்ளியாக்கிவிடுகிறது. தனியாக 108 என்று தேர்ந்தெடுத்தால்தான் முழுதாக எடுக்கும். நல்ல வெயிலில் அதற்குக் கொஞ்சம் பலன் உண்டு.

பெரியப்பா: எதற்காகப் பிரிக்க வேண்டும், பிறகு எதற்காகச் சேர்க்க வேண்டும்?

முரளி மாமா: சென்சார், அதாவது வெளிச்சத்தை வாங்கிப் படமாகப் பதிவு செய்யும் சில்லு, ஒரு மனை மாதிரி, அத்தான். நான்கு பேருக்கும் பங்கு போடலாம், நாற்பது பேருக்கும் போடலாம். மனை வளராது. அதன் மேல் விழும் வெளிச்சமும் அதிகமாகாது. உங்கள் கைபேசியில் அந்த மனை ஒரு சதுர சென்டிமீட்டர்கூட வராது. சுமதி அக்கா சொல்லும் 24 மெகாபிக்சல் கேமராவில் பெரும்பாலும் 23.5 × 15.6 மில்லிமீட்டர் இருக்கும், அதாவது மூன்றரைச் சதுர சென்டிமீட்டருக்கும் மேல். விலை அந்த மனைக்குத்தான்.

பெரியப்பா: இந்தக் குழுவில் மனைப் பேச்சு வேண்டாம்.

மலர்: 😄

சுமதி அத்தை: அப்படியானால் அந்த 64?

முரளி மாமா: விளம்பரத்தை அனுப்புங்கள்.

சுமதி அத்தை: [படம்]

முரளி மாமா: கீழே பொடி எழுத்தில் ‘இன்டர்போலேஷன்’ என்று போட்டிருக்கிறார்கள், பார்த்தீர்களா? உண்மையில் பதிவாகும் புள்ளிகள் கொஞ்சம்தான். நடுவில் உள்ளதை மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது. பழைய ஏடுகளில் இடைச்செருகல் என்பார்களே, அதேதான். வாங்காதீர்கள்.

கவின்: மாமா, புள்ளிகள் குறைந்தால் இருட்டில் படம் நன்றாக வரும், சரிதானே? 2014-இல் வந்த சோனி ஏ7எஸ் கேமரா வெறும் 12 மெகாபிக்சல். அதே வரிசையில் ஏ7ஆர் 36.

முரளி மாமா: பாதி சரி. அந்த 12 மெகாபிக்சல் கேமரா, காணொளி எடுப்பதை மனதில் வைத்துச் செய்தது. ஒரே அளவு சென்சார் கொண்ட இரண்டு கேமராக்களின் படங்களை ஒரே அளவுத் தாளில் அச்சிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார், நீ நினைக்கிற அளவு வித்தியாசம் தெரியாது. புள்ளி எண்ணிக்கை அதிகம் என்பது குற்றம் இல்லை. அதை மட்டும் பார்த்து வாங்குவதுதான் குற்றம்.

பெரியப்பா: எப்படியும் 12-ஐவிட 24 இரண்டு மடங்கு தெளிவுதானே?

முரளி மாமா: இல்லை. புள்ளிகள் நீளத்துக்கும் அகலத்துக்கும் பங்காகிவிடும். ஒரு பக்கத்துக்கு 1.4 மடங்குதான் கூடும். தெளிவு இரட்டிப்பாக வேண்டுமென்றால் 48 வேண்டும்.

பெரியப்பா: சரி, படத்தைப் பெரிதாக அச்சிட்டுச் சட்டம் போட வேண்டுமென்றால்?

முரளி மாமா: உங்கள் கூடத்துச் சுவரில் மகளின் கல்யாணப் படம் தொங்குகிறதே, எவ்வளவு அளவு?

பெரியப்பா: 12-க்கு 18 அங்குலம். வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். நகையில் உள்ள கல்கூடத் தெரியும்.

முரளி மாமா: அது நான் 2005-இல் நிக்கான் டி70 கேமராவில் எடுத்தது. 6 மெகாபிக்சல்.

பெரியப்பா: 6-ஆ?

முரளி மாமா: 3008 × 2000. அந்த அச்சில் அங்குலத்துக்கு 170 புள்ளிகூட வராது. 300 இருந்தால் கையில் வைத்து உற்றுப் பார்க்கலாம். சுவரில் தொங்குவதை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை.

மலர்: பெரியப்பா எழுந்து போய்ப் பார்க்கிறார் என்று நினைக்கிறேன்.

பெரியப்பா: பார்த்துவிட்டு வந்துவிட்டேன். மூக்கு இடிக்கிற அளவுக்குப் போனால்தான் புடவைக் கரை கொஞ்சம் மழுங்கித் தெரிகிறது.

சுமதி அத்தை: என் கதைக்கு வாருங்கள். நான் ஏழாவது வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.

முரளி மாமா: அங்கேதான் மெகாபிக்சல் உதவும், அக்கா. தூரத்தில் எடுத்துவிட்டு வேண்டிய பகுதியை மட்டும் வெட்டிக்கொள்ளலாம். 24-இல் நீளத்தையும் அகலத்தையும் பாதியாக வெட்டினாலும் 6 மிஞ்சும். அந்த 6-தான் அத்தான் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. ஆனால் டிஜிட்டல் ஜூம் பக்கம் போகாதீர்கள். அதுவும் இதே கத்தரிக்கோல்தான். லென்ஸ் தானே நெருக்கிக் காட்டும் ஜூம் எவ்வளவு என்று பாருங்கள்.

கவின்: மேடையில் வெளிச்சம் குறைவாக இருக்குமே.

முரளி மாமா: அதுதான் உண்மையான சிக்கல். ஆடுகிற பிள்ளையை நிறுத்திப் பிடிக்க, படம் பதிவாகும் நேரம் நொடியில் 250-இல் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. கேமராவுடன் கூடவே வரும் சாதாரண ஜூம் லென்ஸ் முழுதாக நெருக்கும்போது எஃப் 5.6-க்குப் போய்விடும். எஃப் எண் லென்ஸின் திறப்பைச் சொல்வது, எண் சிறிதானால் திறப்பு பெரிது. எஃப் 2.8 லென்ஸ் அதைவிட நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். பணம் மிஞ்சினால் லென்ஸில் போடுங்கள்.

சுமதி அத்தை: அது கனமாக இருக்குமா? இப்போதெல்லாம் கொஞ்ச நேரம் எதையாவது பிடித்தாலே எனக்குக் கை நடுங்குகிறது.

கவின்: அத்தை, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே!

முரளி மாமா: கனம்தான், அக்கா. கை ஆட்டத்தைச் சரிசெய்யும் வசதி கேமராவிலோ லென்ஸிலோ இருக்க வேண்டும், கேட்டு வாங்குங்கள். அது உங்கள் கைக்கு மட்டும்தான் உதவும், பேத்தியின் ஆட்டத்தை நிறுத்தாது. கடையில் பத்து நிமிடம் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

சுமதி அத்தை: பேசாமல் நீயே விழாவுக்கு வந்து எடுத்துக் கொடுத்துவிடேன். அந்த டி70 இருக்கிறதா?

முரளி மாமா: பரணில் இருக்கிறது. பேட்டரிதான் செத்துவிட்டது.