மூடுபனித் துளிக்குள் வெயில் செய்யும் வேலை – ஆய்வகம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். குமுளிப் பக்கம் தமிழ் மீடியத்தில் எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். காற்றில் மிதக்கும் தூசியிலுள்ள இரும்பு, பனித்துளிக்குள் ஆக்சலேட்டோடு (ஆக்சாலிக் அமிலத்திலிருந்து வரும் அயனி) சேரும். வெயில் பட்டதும் ஃபெரிக் இரும்பு (மூன்று எலக்ட்ரான் இழந்தது) ஃபெரஸ் (இரண்டு இழந்தது) ஆகும், கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். ஹைட்ரஜன் பெராக்சைடும் உண்டாகி, துளியில் கரைந்த சல்ஃபர் டை ஆக்சைடைக் கந்தக அமிலமாக்கும்.

முதல் பாதியைப் பிள்ளைகளுக்குக் காட்ட, ஆணியில் சுரண்டிய துருவை ஆக்சாலிக் அமிலத்தில் கரைத்து (விஷம், கையுறை போட்டு நானேதான்) இரண்டு பாட்டிலில் ஊற்றினேன். ஒன்று வெயிலில், மற்றது அலுமினியத் தாள் சுற்றி. பிறகு பொட்டாசியம் ஃபெரிசயனைடு (ஃபெரஸ் இருந்தால் நீலமாகும்) விட்டால் வெயில் பாட்டில் நல்ல நீலம். ஆனால் தாள் சுற்றிய பாட்டிலும் லேசாக நீலமாகிவிட்டது! துருவோடு ஆணியின் இரும்பும் உதிர்ந்து வந்திருக்குமோ? கரைசலை வடிகட்டினால் போதுமா, துருவை விட்டு ஃபெரிக் குளோரைடுக்கே மாறிவிடலாமா? கம்பம் ஊரில் சில்லறையாகக் கிடைத்தால் கடையும் சொல்லுங்கள்.