ஓராண்டு ஓவியக் கல்லூரியில் படித்த மகள் முன்பைவிட மோசமாக வரைகிறாள். இதற்குப் பெயர் வளர்ச்சியா?

கேட்டவர்: செய்யாறு போர்டுக்காரர்

வணக்கம். நான் விளம்பரப் பலகை எழுதுகிறவன். பதினான்கு வயதில் ஒரு பெயிண்டரிடம் மண்ணெண்ணெயில் தூரிகை கழுவச் சேர்ந்து, பிறகு சொந்தக் கடை வைத்தேன். எழுதி முடித்த பலகையின் கீழ் மூலையில் என் பெயரையும் ‘ஆர்ட்ஸ்’ என்பதையும் சின்னதாகப் போடுவேன். பிளெக்ஸ் எந்திரம் எங்கள் ஊருக்கு வந்ததும் பலகை போயிற்று. மூலையும் அதோடு போயிற்று. இப்போது பள்ளிச் சுவரில் திருக்குறள், கோயிலில் உபயதாரர் பெயர், டிராக்டர் பெட்டியில் குலதெய்வம் பெயர், இவைதான் வேலை. புலம்புவதற்காக இதைச் சொல்லவில்லை. எனக்கும் தூரிகை பிடிக்கத் தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

என் மகளுக்கு ஏழாம் வகுப்பிலேயே கட்டம் போடக் கற்றுக்கொடுத்தேன். சின்னப் படத்தில் அரை அங்குலக் கட்டம், பெரிய தாளில் இரண்டு அங்குலக் கட்டம். ஒரு கட்டத்துக்குள் என்ன கோடு போகிறதோ அதை மட்டும் பார், முழுப் படத்தைப் பார்க்காதே என்பேன். இருபது அடிச் சுவரில் தலைவர் முகத்தைக் கொண்டுவருவது இப்படித்தான். அவள் பிடித்துக்கொண்டாள். பன்னிரண்டாம் வகுப்பு விடுமுறையில் அப்துல் கலாமைப் பென்சிலில் வரைந்தாள். பதினொரு நாள். தலைமுடி ஒவ்வொன்றாக. காது குடையும் பஞ்சுக் குச்சியால் நிழலைத் தேய்த்துத் தேய்த்து, பார்த்தவர்கள் போட்டோ என்றே நினைத்தார்கள். சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறேன்.

சென்ற ஆண்டு அரசுக் கவின்கலைக் கல்லூரி ஒன்றில் சேர்ந்தாள். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம், யாரையும் குறை சொல்ல வரவில்லை. முதலாண்டு முடிந்து வந்திருக்கிறாள். கையில் ஒரு பெரிய தாள் கட்டு. ஆசையாகப் பிரித்தேன்.

பானை. மறுபடியும் பானை. கவிழ்த்த வாளி. முக்காலி. பானை. நியூஸ் பிரிண்ட் தாளில் கரித்துண்டால் கிறுக்கியது. ஒரே விளிம்புக்கு ஏழெட்டுக் கோடு. அதில் எது சரியான கோடு என்று அவளுக்கே தெரியாது போலிருக்கிறது. பாதிக்குப் பாதி ஆட்களுக்கு முகமே இல்லை. பானையை மட்டும் எண்ணினேன், முப்பத்தேழு. இதற்கா மாதாமாதம் விடுதிக்குப் பணம் அனுப்பினேன் என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

கட்டம் போடக்கூடாதாம். முதல் சில மாதம் அழிப்பானும் கூடாதாம். கேட்டால், “கட்டம் போட்டால் நான் பார்ப்பதே இல்லை அப்பா” என்கிறாள். போன வாரம் எதிர்வீட்டுக்காரர் தன் இறந்துபோன அம்மாவின் பழைய போட்டோவைக் கொண்டுவந்து வரைந்து தரச் சொன்னார். “இப்போது முடியாது மாமா” என்று சொல்லிவிட்டாள். எனக்கு அவர் முகத்தில் விழிக்கக் கூச்சமாக இருக்கிறது.

நான்காண்டுப் படிப்பில் இன்னும் மூன்று மீதி. முதலாண்டில் எல்லாருக்கும் கை இப்படித்தான் இறங்குமா? தேறியிருக்கிறாள் என்பதை எதை வைத்துத் தெரிந்துகொள்வது? மதிப்பெண் நன்றாகத்தான் இருக்கிறது, அதைச் சொல்லாதீர்கள்.

பதில் 1: கணக்கு வாத்தியார்

ஐயா, வரைவது இருக்கட்டும். வேலை கிடைக்குமா என்று கேட்டீர்களா? என் அக்கா மகன் காட்சித் தொடர்பு வடிவமைப்பு படித்துவிட்டு அனிமேஷன் நிறுவனம் ஒன்றில் இருக்கிறான். அவன் பானை வரைந்து நான் பார்த்ததில்லை. எந்தப் பிரிவு எடுக்கப்போகிறாள் என்பதை இப்போதே பேசி முடிவு செய்யுங்கள்.

பதில் 2: எழும்பூர் பழைய மாணவன்

அண்ணன், முப்பத்தேழு பானையா? குறைவு. நான் சென்னை எழும்பூரில் உள்ள அரசுக் கவின்கலைக் கல்லூரியில் தொண்ணூறுகளில் படித்தவன். எனக்கு அந்தப் பானை கனவிலும் வந்தது.

அது ஏன் பானை என்று சொல்கிறேன். பானையின் வாய் வட்டம் என்று நமக்குத் தெரியும். ஆனால் உட்கார்ந்து பார்க்கிற கண்ணுக்கு அது வட்டமாகத் தெரிவதில்லை, நீள்வட்டமாகத் தெரிகிறது. புதிதாக வருகிற பிள்ளைகள் எல்லாரும் அந்த நீள்வட்டத்தின் இரு ஓரங்களையும் மீன் வாய்போலக் கூராக முடிப்பார்கள். நானும் அப்படித்தான். ஓரத்தில் கோடு வளைந்து பின்பக்கம் போகிறது, முடிவதில்லை என்பது கைக்கு ஏற எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. பானையின் அடிப்பகுதியும் நீள்வட்டம்தான். ஆனால் அது கண்மட்டத்துக்கு இன்னும் கீழே இருப்பதால் வாயைவிட அகலத் திறந்திருக்கும். பெரும்பாலானவர்கள் அடியில் நேர்கோடு போட்டுவிடுவார்கள், பானை அந்தரத்தில் நிற்கும். உங்கள் மகளின் முதல் பானையையும் கடைசிப் பானையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வாயைப் பார்க்காதீர்கள், அடியைப் பாருங்கள். தரையில் உட்கார்ந்திருக்கிறதா?

ஏழெட்டுக் கோடு பற்றி. அது தெரியாமல் போட்டதல்ல. முதல் கோடு தவறு என்று கண்டுபிடித்தவள்தான் இரண்டாவது கோடு போடுகிறாள். அழிப்பான் கொடுத்தால் முதல் தவறு மறைந்துவிடும், எவ்வளவு விலகினோம் என்பதும் சேர்ந்து மறைந்துவிடும். அதனால்தான் பிடுங்கி வைக்கிறார்கள்.

மாலையில் நாங்கள் எழும்பூர் ரயில் நிலையத்துக்குப் போவோம். நடைமேடையில் மூட்டையில் சாய்ந்து தூங்குகிறவர்கள்தான் எங்களுக்கு மாடல். ரயில் வந்தால் மாடல் எழுந்து போய்விடுவார். அப்போது தாளில் ஒரு தோளும் ஒரு முழங்காலும்தான் இருக்கும். உங்கள் மகளின் ஆட்களுக்கு முகம் இல்லாததற்குக் காரணம் இதுவாகக்கூட இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தே அரசு அருங்காட்சியகம் போய் வெண்கலச் சிலைகளைப் பார்ப்போம். திருவாலங்காட்டு நடராசர் அங்கேதான் இருக்கிறார். ஒரு காலில் இவ்வளவு ஆட்டம் ஆடுகிறவர் ஏன் விழவில்லை என்பதை வரைந்து பார்த்தால்தான் புரியும்.

உங்கள் தொழிலைக் கல்லூரி மதிக்கவில்லை என்று மனதுக்குள் ஒரு முள் இருப்பதுபோல் எழுத்தில் தெரிகிறது, தவறென்றால் மன்னியுங்கள். எங்கள் கல்லூரியை 1850-இல் தொடங்கியவர் ஓவியரே அல்லர். அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர். அன்று அது கைத்தொழில் கற்றுத்தருகிற பள்ளி. நெடுங்காலம் பெயரே கலை, கைத்தொழில் பள்ளி என்றுதான் இருந்தது. பிறகு சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக இருந்த காலத்தில்தான் ஓவியம், சிற்பம் என்று திரும்பியது. மெரினாவில் 1959-இல் வைத்த உழைப்பாளர் சிலை அவருடையது. அந்த நால்வரின் முகம் உங்களுக்கு நினைவிருக்கிறதா? எனக்கு இல்லை. பாறையை நெம்பும் முதுகுதான் நினைவிருக்கிறது.

இன்னொன்று. அங்கே படித்த ஓவியர் ஆதிமூலம் காந்தி நூற்றாண்டையொட்டிக் காந்தியைக் கோடுகளிலேயே வரைந்து தள்ளியவர். அதே கைதான் எத்தனையோ தமிழ்ப் புத்தகங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் தலைப்பு எழுத்து எழுதிக்கொடுத்தது. எழுத்து எழுதுகிறவர் வீட்டுப் பிள்ளை என்பது அவளுக்கு அங்கே குறையே இல்லை.

பதில் 3: இரண்டாமாண்டுக்காரி

ஐயா, நான் இப்போது படித்துக்கொண்டிருக்கிறவள். உங்கள் மகளாகவே இருந்துவிடுவேனோ என்று பயந்துகொண்டே படித்தேன், இல்லை. (எங்கள் அப்பா நெல் வியாபாரி.)

நானும் நடிகர் படம் வரைந்து பேர் வாங்கித்தான் சேர்ந்தேன். முதல் வாரம் எங்கள் ஆசிரியர் எங்கள் எல்லாருடைய பழைய படங்களையும் மேசையில் பரப்பச் சொன்னார். முப்பது பேர் படமும் ஒரே ஆள் வரைந்தது போல இருந்தது. அன்று இரவு விடுதியில் நிறையப் பேர் சாப்பிடவில்லை. போட்டோவில் ஏற்கெனவே ஒரு கேமரா பார்த்து முடித்துவிட்டது, நாங்கள் அதன் பார்வையைத்தான் நகலெடுத்திருக்கிறோம் என்று பிறகு புரிந்தது. புரிந்ததால் கை உடனே வந்துவிடவில்லை. ஐந்தாறு மாதம் பழையதும் வராது, புதியதும் வராது. அந்த நேரத்தில் வீட்டில் யாராவது படம் கேட்டால் அழுகை வரும். எதிர்வீட்டு அம்மா படத்தை அவள் திமிரில் மறுத்திருக்கமாட்டாள், ஐயா.

ஒரு வழி சொல்கிறேன். வீட்டில் இருக்கிற ஏதாவது ஒரு பொருளை எதிரே வைத்து நீங்களும் அவளும் பதினைந்து நிமிடம் வரையுங்கள். கட்டம் வேண்டாம், அழிப்பான் வேண்டாம். பிறகு நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

பதில் 4: செய்யாறு போர்டுக்காரர்

எல்லாருக்கும் நன்றி. ஞாயிறு காலை வரைந்தோம். சின்னப் பெண் சொன்ன சவாலுக்குப் பயந்தால் என்னாவது.

பொருள் என்னுடைய சைக்கிள். திண்ணைச் சுவரில் சாத்தியிருந்தது. நான் ஆறு நிமிடத்தில் முடித்துவிட்டேன். இரண்டு சக்கரமும் காம்பஸ் வைத்ததுபோல் வட்டம். ஹேண்டில், சீட், செயின் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில். பெருமையாக நீட்டினேன். வீட்டுக்காரி வந்து பார்த்துவிட்டு, “இது நம் சைக்கிள் இல்லையே, ஓட்டுச் சைக்கிள்” என்றாள்.

உண்மைதான். 1996 தேர்தலில் தமிழ் மாநில காங்கிரசுக்குச் சைக்கிள் சின்னம் கிடைத்தபோது எனக்கு இருபது வயது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் எத்தனை சுவரில் எழுதினேன் என்று கணக்கில்லை. ஒரு சுவருக்கு ஏழு நிமிடம். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகியும் கை அதையே போட்டிருக்கிறது. என் சைக்கிள் எதிரில் நிற்கிறது, நான் அதை நாலு முறை நிமிர்ந்து பார்த்திருந்தால் அதிகம்.

அவள் பதினைந்து நிமிடமும் எடுத்துக்கொண்டாள். நடுவில் என் பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். நான் எழுத்து செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க வைத்திருப்பது அது. அவள் ஹேண்டில் முனையிலிருந்து நூலை இறக்கி, அது பெடலுக்கு எவ்வளவு தள்ளி விழுகிறது என்று பார்த்தாளாம். இதை யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். வகுப்பில் நூலில் நட்டைக் கட்டித் தொங்கவிடுவார்களாம்.

அவள் படத்தில் முன்சக்கரம் வட்டமே இல்லை. சுவர்ப்பக்கம் திரும்பியிருந்ததால் வெள்ளரிக்காய் மாதிரி ஒடுங்கிக் கிடக்கிறது. கேரியரில் நான் ஏணி கட்டுகிற கயிறு சுற்றியிருக்கிறது. மணிக்கு மூடி இல்லை. குற்றம் சொல்ல வேண்டுமென்றால் செயின் மூடி அளவு பிசகியிருக்கிறது, இடது பெடல் எதோடு சேர்கிறது என்று தெரியவில்லை. அதைச் சொன்னேன், அவளும் ஒத்துக்கொண்டாள். ஆனால் சைக்கிள் சாய்ந்து நிற்கிறது. அந்தச் சுவரை எடுத்தால் விழுந்துவிடும்.

சீட்டை இடப்பக்கம் சரித்து வரைந்திருந்தாள். சீட் நேராகத்தானே இருக்கிறது என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய்க் கையை வைத்துப் பார்த்தேன். சரிந்துதான் இருக்கிறது. இந்தச் சைக்கிளில் நான் எத்தனை வருடம் உட்கார்ந்திருப்பேன்.

பிறகு கட்டைப் பிரித்து, பழைய மாணவர் சொன்னபடி பானைகளை வரிசையாகத் தரையில் அடுக்கினோம். முதல் இருபதும் மிதக்கின்றன. இருபத்தெட்டாவதோ இருபத்தொன்பதாவதோ உட்கார்ந்துவிட்டது. அதன் அடியில் நிழலைக் கட்டை விரலால் அழுத்தித் தேய்த்திருக்கிறாள், ரேகை தெரிகிறது.

கலாம் படத்தைக் கழற்றிவிடவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அது என் கடை. எதிர்வீட்டுக்காரரிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன், அந்த அம்மாவைக் கட்டம் போட்டு நான் வரைந்து தருகிறேன் என்று.

ஒன்று மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. எழுத்தில் அவள் இன்னும் பூஜ்யம். சைக்கிள் படத்தின் கீழே என் கடைப் பெயரை எழுதிக்காட்டச் சொன்னேன். ‘ழ’வின் கீழ்ச் சுழியைப் பன்றிவால் மாதிரி போட்டாள். விடுமுறை முடிவதற்குள் எனாமலில் ‘ழ’ மட்டும் நூறு எழுதச் சொல்லியிருக்கிறேன். அவள் முப்பத்தேழு போதும் என்கிறாள்.

கரிப் படங்கள் கை பட்டால் கலைகின்றன. வார்னிஷ் அடிக்கலாமா?

பதில் 5: எழும்பூர் பழைய மாணவன்

ஐயோ, வார்னிஷ் வேண்டாம் அண்ணன். நியூஸ் பிரிண்ட் எண்ணெய் குடித்து அப்பளமாகிவிடும். பிக்ஸேட்டிவ் என்று ஸ்ப்ரே டப்பா ஓவியப் பொருள் கடையில் கிடைக்கும். தாளிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து, காற்றோட்டமான இடத்தில், பனிபோல இரண்டு முறை லேசாக அடியுங்கள். ஒரேயடியாக நனைத்தால் கரி ஓடிவிடும். சுருட்டி வைக்காதீர்கள், இடையிடையே வெள்ளைத் தாள் வைத்துப் படுக்கையாக அடுக்குங்கள். கரையான் கவனம்.

இரண்டு சைக்கிளிலும் தேதி போட்டுவிடுங்கள். கீழ் மூலையில் ‘ஆர்ட்ஸ்’ போடுவது உங்கள் விருப்பம்.