காலையில் காரில் கேட்கப் பாட்டு சொல்லுங்களேன்

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. வேலை நாட்களில் பட்டர்வொர்த்திலிருந்து பாயான் லெப்பாஸ் போகிற வழியில் அம்மாவை அக்கா வீட்டில் இறக்கிவிடுவேன். பினாங்குப் பாலத்தில் நெரிசல் என்றால் பாட்டுதான் துணை.

அம்மாவுக்கு பி.சுசீலா என்றால் உயிர். ‘உயர்ந்த மனிதன்’ படத்தின் ‘நாளை இந்த வேளை பார்த்து’ வந்துவிட்டால் பேச்சை நிறுத்திவிட்டு, கார்க் கண்ணாடியை ஏற்றச் சொல்வார். சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது முதன்முதலாகத் தரப்பட்டது இந்தப் பாட்டுக்குத்தான், 1968-ஆம் ஆண்டுக்கு. அந்தக் குரலில் இருக்கிற ஏக்கம் எனக்கும் இப்போதுதான் பிடிபடுகிறது.

எனக்குப் பிடித்தது நம் மலேசிய ராப் குழு யோகி பி - நட்சத்ராவின் ‘மடை திறந்து’. 2006-இல் வந்தது. ராப் என்றாலே முகம் சுளிக்கும் அம்மா இதற்கு மட்டும் தொடையில் தாளம் போடுகிறார். ‘நிழல்கள்’ படத்தில் இளையராஜா போட்ட மெட்டு உள்ளே ஓடுவதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இதே மாதிரி பழைய மெட்டை மதித்து மலேசியக் கலைஞர்கள் செய்த பாட்டுகள் வேறு என்ன இருக்கின்றன? சொந்த மெலடியானாலும் சரி. ரொம்ப இரைச்சல் மட்டும் வேண்டாம், அம்மாவுக்குத் தலைவலி வந்துவிடும். பாடியவர் பெயரையும் சேர்த்துப் போட்டால் தேட வசதியாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் பென்டிரைவில் ஏற்றிவிடுவேன்.