ஸ்லீவ் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அண்டா தூக்கும் வேலைக்கு எப்போது திரும்பலாம்?

கேள்வி (சமையல் மாஸ்டர்):
வணக்கம். நான் கல்யாண வீடுகளுக்குச் சமைத்துக் கொடுப்பவன். எடையைக் குறைப்பதற்காக, வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில், இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கும் ஸ்லீவ் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு ஒரு மாதம் கடந்துவிட்டது. தழும்புகள் ஆறிவிட்டன, வலியும் இல்லை. ஆனால் மாடிப்படி ஏறினாலே கால்கள் தளர்ந்துபோகின்றன. ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்பணம் வாங்கியிருக்கிறேன். நள்ளிரவு தாண்டியதும் அடுப்பருகே நின்று, கொதிக்கும் அண்டாவை இருவராகப் பிடித்து இறக்கும் வேலை இது. இதே சிகிச்சைக்குப் பிறகு பாரம் தூக்கும் வேலைக்குத் திரும்பியவர்கள் யாரேனும் வழி சொல்லுங்கள்.

பதில் (அரிசி மண்டித் தொழிலாளி):
அண்ணா, தோல் ஆறிவிட்டது என்பதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கருவி நுழைத்த துளைகளுக்கு அடியிலுள்ள தசைச்சுவர் இறுகுவதற்கு மேலும் காலம் ஆகும். அதற்குள் தம் கட்டிப் பாரம் தூக்கினால் அந்த இடத்தில் குடலிறக்கம் வரக்கூடும். நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று எனக்குச் சொன்னார்கள். மருத்துவமனைக்கு மருத்துவமனை இது சற்று மாறும். தடை நீங்கியதும் நான் நேராக மூட்டைக்குப் போகவில்லை. முதலில் சாக்குத் தைத்தேன், எடை போட்டேன், பிறகுதான் 25 கிலோ சிப்பத்தைத் தொட்டேன். தினமும் நடந்ததுதான் கால்களுக்குத் தெம்பு கொடுத்தது.

பதில் (மருத்துவமனை உணவு ஆலோசகர்):
நீங்கள் சொல்லும் தளர்ச்சிக்குப் புரதக் குறைவும் நீர்க்குறைவும் காரணமாக இருக்கலாம். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் நீக்கப்பட்டிருப்பதால், முன்போல ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு வேலையைத் தொடர இயலாது. ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை நாள் முழுவதும் மிடறு மிடறாக உள்ளே போக வேண்டும். அடுப்படி வியர்வைக்கு அதுவும் போதாது. சாப்பிட்ட பின் அரை மணி நேரம் தண்ணீரைத் தவிர்க்க வேண்டும் என்பதால், குடிக்கும் நேரங்களை முன்கூட்டியே வகுத்துக்கொள்ளுங்கள்.

புரதம் நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் வரை தேவை. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம்தான் இருக்கிறது. ஆகவே மீன், கோழி, பனீர், தயிர், பருப்பு என்று பலவற்றையும் சிகிச்சைக்குப் பிறகு நீங்கள் இப்போது இருக்கும் உணவுக் கட்டத்துக்கு (திரவம், மசித்தது, மென்மையானது என்ற படிகளுக்கு) ஏற்ப மென்மையாகச் சேர்க்க வேண்டும். வைட்டமின் மாத்திரைகளை ஆயுள் முழுவதும் விடக் கூடாது. வாந்தி தொடர்ந்தால் தயமின் (வைட்டமின் பி1) குறைந்து நரம்புகள் பாதிக்கப்படலாம், காத்திருக்காமல் மருத்துவமனைக்கு வாருங்கள். ருசி பார்ப்பதைக் கரண்டி நுனியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாயசமும் அல்வாவும் இருக்கும் பந்தியில் அது எளிதல்ல என்பது எனக்கும் தெரியும்.

பதில் (கேட்டரிங் நடத்துபவர்):
முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை. அண்டா இறக்க இரண்டு பேரைக் கூடுதலாகப் போட்டு, உப்பும் பதமும் பார்ப்பதை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அவர்களின் கூலி உங்கள் லாபத்தில் குறையும், வேறு வழியில்லை.

கேட்டவர்:
மிக்க நன்றி. இன்னொன்று: குனிந்து எழுந்தால் தலை சுற்றுகிறது. இரத்த அழுத்த மாத்திரையைப் பழைய அளவிலேயே சாப்பிட்டு வருகிறேன்.

பதில் (உணவு ஆலோசகர்):
எடை இறங்கும்போது அந்த மருந்தின் அளவையும் குறைக்க வேண்டிவரலாம். நீங்களாக நிறுத்திவிடாமல், நாளையே மருத்துவரிடம் அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவரை அடுப்பருகே போகாதீர்கள்.